இருநூற்றுப் பதினேழு

முந்நூறு எண்ண வேண்டும்.
சீவலை ஒரு சொடுக்கு நகர்த்தி
குறுக்குக் கம்பியடியில் நிற்பதற்கு
ஒரு பெயர் சொல்லி, பொத்தானை அழுத்தி.
குவார்ட்ஸ். குவார்ட்ஸ். ஃபெல்ஸ்பார். குவார்ட்ஸ்.
எரிமலைத் துணுக்கு ஒன்று,
எந்த மலை தொலைத்ததோ.

பிஷ்கெக்கில் சனவரி.
ஹீட்டருக்குப் பாதி உயிர்.
இதே மணற்கல்லை எசென்குல்
வெள்ளிக்கிழமையே எண்ணி முடித்துவிட்டான்.
என் குவார்ட்ஸ் அவனுடையதைவிடப் பதினொன்று கூட.
"கண்ணாடியை மாற்று, புருல்சா."
உன் வாயில் மண் என்றேன்.
வண்டலைப் பல்லில் நெரித்துப் பார்க்கும் எங்களுக்கு
அது வசவே இல்லை.

மேடையைச் சுழற்றினால்
நல்ல குவார்ட்ஸ் சட்டென்று அணையும்.
நசுங்கியது அப்படி அணையாது.
இருட்டு ஓர் ஓரமாய் நுழைந்து
உள்ளே நடந்து
மறு ஓரம் போகும்.
எத்தனை கோடி ஆண்டானாலும்
பட்டதை மறைக்கத் தெரியவில்லை அதற்கு.

இருநூற்றுப் பதினேழாவது மணி
கலங்கலாய் இருந்தது.
அவசரத்தில் சுழற்றவில்லை நான்.
குவார்ட்ஸ்தான். விரல் பொத்தான்மேல்.

மின்சாரம் போனது.
குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார்,
எல்லாம் ஒரே சாதி இருட்டு.

கைபேசி விளக்கை
அடியில் பிடித்தான் எசென்குல்.
குளிரில் அவன் கை நடுங்க
வெளிச்சமும் நடுங்கிற்று.
மேடையைத் திருப்பினேன்.
மணிக்குள் கோடுகள்,
கறுப்பும் வெளுப்புமாய், இணையாக,
மயிரிழை மயிரிழையாய்.

"ஃபெல்ஸ்பார்." முந்திக்கொண்டு நானே சொன்னேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் எரிச்சல்.

முந்தைய இருநூற்றுப் பதினாறில்
இப்படி எத்தனை பேருக்குத்
தவறான பெயர் வைத்தேனோ.
சீவலைத் தொடக்கத்துக்குத் தள்ளினேன்.

கை வலித்தால் மாற்றிப் பிடி.
ஒன்று.