மேற்கே மூன்று, வடக்கே ஒன்று

இரவு பதினொன்றரை. தேவனாம்பட்டினம் பக்கம்
டவர் ஒரே ஒரு கோடு காட்டுகிறது.
நாளைக்கு உருமாற்றங்கள் நடத்த வேண்டும்,
படம் தேடுகிறேன்.
கிடைப்பதிலெல்லாம் ஒரு பனிச்செதில் சுழல்கிறது.
ஊசியிலை மரம் ஏரிக்குள் தலைகீழாய் நிற்கிறது.
சடைநாய் ஒன்று ஒய் அச்சைத் தாண்டிக் குதித்துத்
தன் எதிரொளிப்பைத் திரும்பிப் பார்க்கிறது.
அழகுதான்.
என் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவும் பனிக்கட்டி பார்த்ததுதான்:
துறைமுகத்தில், உடைத்து, வஞ்சிரத்தின் மேல்.

சரி, நானே வரைகிறேன்.
செயலியில் கட்டத்தாள் திறக்கிறது.
ஐந்து தட்டு தட்டினால் ஃபைபர் படகு,
மூக்கு கூர், பின்பக்கம் தட்டை.
ஸ்லைடரை இழுத்தால் போகிறது, விட்டால் நிற்கிறது.
டீசல் கேட்கவில்லை.
அறுபத்தொரு நாள் தடைக்காலத்திலும் ஓடும்.
ஆசை விடவில்லை.
கெடிலத்தைக் கண்ணாடிக் கோடாக வைத்து
ஊரை மடித்துப் பார்த்தேன்:
மஞ்சக்குப்பத்துக் கலெக்டர் ஆபீஸ்
திருப்பாப்புலியூர் பூக்கடைகள் மேல் போய்க் கவிழ்ந்தது.
கெடிலம் நேர்க்கோடு இல்லை என்பதை
அப்புறம்தான் நினைத்தேன்.
அழித்தேன். படுக்கும்போது மணி ஒன்று.

காலையில் கரண்ட் இல்லை.
ஸ்மார்ட் வகுப்பின் திரை ஈரச் சிலேட்டுபோல் கிடந்தது.
பி.டி. இருதயநாதன் சாரிடம் கெஞ்சி,
கபடிக் கோட்டுக்கு வைத்திருந்த சுண்ணாம்புப் பொடியில்
அரை வாளி வாங்கி,
மைதானத்தில் இரண்டு அச்சு போட்டோம்.
கடல் இருக்கும் பக்கம் கூட்டல்.
ஐந்து பேர், ஐந்து புள்ளி.
மேற்கே மூன்று, வடக்கே ஒன்று, நட.
மோனிஷ் நாலு வைத்தான்,
படகின் விலா பிதுங்கியது,
சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம்.
பிறகு சரியாய் நடந்தார்கள்.
நானும் சரியாய்ச் சொன்னேன்:
நகர்வில் வடிவம் மாறாது, அளவு மாறாது, இடம் மட்டும் மாறும்.
அதோடு நின்றிருக்கலாம்.
நல்ல உதாரணம் என்று நினைத்து,
உங்க குடியிருப்பு மாதிரி, என்றேன்.
சுனாமிக்கு அப்புறம்
கரையில் இருந்தது அப்படியே உள்ளே வந்துவிட்டது, இல்லையா?

இல்ல மிஸ், என்றாள் யுவஸ்ரீ.
மூக்குப் புள்ளியாக நின்றவள், கால் விரலெல்லாம் வெள்ளை.
வீடு குலுக்கல்ல குடுத்தாங்களாம்.
எங்க பெரியம்மா அங்க பக்கத்து வீடு.
இங்க ஏழாவது தெரு. நாங்க ரெண்டாவது.
எல்லா வீடும் ஒரே அளவுதான் மிஸ்,
ஆனா புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவுல இருந்த தூரம் மாறிடுச்சு.
அப்ப அது நகர்வு இல்லல்ல?

இல்லை.
சுழற்சி இல்லை, எதிரொளிப்பும் இல்லை.
வரிசைமாற்றம் என்று ஒன்று உண்டு, பதினோராம் வகுப்பில்.
நான் படித்தபோது அதற்கு உதாரணம்
மூன்று நிறப் பந்துகள்.
அலை வந்து ஐந்து வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை,
முன்னுருவைக் காணாமல் பிம்பத்திலேயே வளர்ந்தவள்.
அந்தத் தூரத்தை எப்படி அளந்தாள்?
மூடிய குழம்புக் கிண்ணத்தோடு
ரெண்டாவது தெருவிலிருந்து ஏழாவதுக்கு
நடந்து நடந்துதான் இருக்கும்,
போய்ச் சேரும்போது எவ்வளவு ஆறியிருக்கிறது என்று.

மணி அடித்தது.
வெள்ளைக் கால்களோடு
எந்த விதிக்கும் அடங்காமல் கலைந்தார்கள்.

இன்றிரவு கோப்பை ஏற்றுகிறேன்.
பனி பெய்யும் ஊர் டீச்சர் யாராவது
எடுத்துக்கொள்ளலாம்.
விளக்கம் எழுதவும் என்கிறது ஒரு கட்டம்.
குலுக்கல் பற்றி எழுதி, அழித்து, மறுபடி எழுதி,
கடைசியில் அதை வினா எண் ஆறாக வைத்தேன்.
விடைப்பகுதியில் ஐந்து வரைதான் இருக்கிறது.
கீழே ஒரு குறிப்பு:
படகின் பின்பக்கம் தட்டையாய் இருப்பது வரைந்த பிழை அல்ல.
அங்கேதான் இன்ஜின்.