வெட்டுப்பட்டை

ஆசாரிப்பள்ளம், மூன்றாம் மாடி, கட்டுப்போடும் அறை.
வலது குதிகாலில் காசளவு குழி.
சர்க்கரை தின்ற இடம்; வலிக்காது.
வலிக்காததால்தான் இவ்வளவு ஆழம்.

சிஸ்டர் ஜெபக்கனி கவரைக் கிழித்து
சாம்பல் நிறத்தில் ஒரு துணியை எடுக்கிறாள்.
"இதுல வெள்ளி இருக்கு, ரசாலம் அண்ணே."
"எத்தனை கிராம்?" என்கிறேன்.
சிரித்துவிட்டாள்.
தலைமுடி ஒன்றை ஆயிரமாய்க் கீறினால்
ஒரு கீற்றின் அகலம்தானாம் ஒரு துகள்;
கிருமியின் தோலைத் துளைத்து
உள்ளே போய் மூச்சை நிறுத்துமாம்.

மகளின் கொலுசு குலசேகரத்தில் அடகில் கிடக்கிறது.
இந்த வெள்ளிக்கு ரசீது இல்லை, வட்டி இல்லை,
மூன்று நாளுக்கு ஒருமுறை என் சதை
உரசிப் பார்ப்பதோடு சரி.

எனக்குத் தெரிந்த காயம் வேறு.
விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு
முந்நூறு மரம்.
முந்தாநாள் வெட்டில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்து
அதன் கீழே நூலளவு சீவினால்
வெள்ளையாய் இறங்கும்.
மூடவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் கூலி.

பன்னிரண்டாம் நாள் ஜெபக்கனி கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள்.
குழியின் விளிம்பில் இளஞ்சிவப்பாய் ஒரு வரி,
ஓய்வு கொடுத்த பட்டையில் வருமே, அதே மாதிரி.
"தோல் வருது" என்றாள்.

வருகிறது.
திற்பரப்பில் என் மரங்களுக்கும் வந்திருக்கும்
ஆளில்லாத இந்த மாதத்தில்;
சிரட்டைகளில் மழைத்தண்ணீர், கொசு.

அவளிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தது.
கேட்கவில்லை.
காட்டுக்குப் போட்டுப்போக எந்தச் செருப்பு நல்லது
என்று மட்டும் கேட்டேன்.