இரண்டு பாயிண்ட்

ஆத்தூர் சாலையில் ஜவ்வரிசி மில்.
பின்வாசலில், வேப்பமரத்துக்குக் கீழே என் தராசு.
லோடு வந்ததும் கொஞ்சம் கிழங்கை உடைத்து
கம்பிக்கூடையில் போட்டுத் தண்ணீருக்குள் இறக்குவேன்.
முள் ஆடி ஆடி நிற்கும்.
அது நிற்கிற இடம்தான்
வண்டியோடு வந்தவனின் பத்து மாதம்.

முள் இருபத்தெட்டு என்னும்.
நான் இருபத்தாறு என்பேன்.
முதலாளி இப்படிச் செய் என்று சொன்னதே இல்லை.
"பாத்துப் போடுங்க ஞானசிகாமணி" என்பார்,
அவ்வளவுதான்.
பதினோரு வருடம் பார்த்துப் போட்டேன்.

அதே பதினோரு வருடம்
சபையில் காணிக்கைப் பையை எண்ணுகிறவனும் நான்தான்.
ஐம்பது காசு குறைந்தாலும்
பாயைத் தூக்கித் தேடுவேன்.

இந்த லெந்து நாட்களில் டீயை விட்டேன்.
மூன்றாம் நாளே மண்டை இடி.
லோடுமேனிடம் எரிந்து விழுந்தேன்,
பிள்ளையின் பரீட்சைத்தாளைக் கிழிக்கப் போனேன்.
சாராள் அடுப்படியில் இருந்தபடியே சொன்னாள்:
"டீயைக் குடிச்சிருங்க.
வேற எதையாச்சும் விடுங்க."

வேற எதை?
விடியுமுன் முழங்காலில் நின்றேன்.
ஜன்னல் வழியே புளித்த திப்பி வாடை.
ஆண்டவரே என்று தொடங்கினேன்.
அதற்குமேல் வார்த்தை வரவில்லை,
முள்தான் வந்தது.
இருபத்தெட்டில் நின்றுகொண்டு
என்னையே பார்த்தது.

அன்று காலை முதல் வண்டி, முள் இருபத்தேழு.
"இருபத்தேழு" என்றேன்.
என் குரல் எனக்கே யாரோ போல் கேட்டது.
வண்டிக்காரன் பீடியைப் பற்ற வைத்தான்.
வேறொன்றும் நடக்கவில்லை.

நடந்தது சாயங்காலம், பில்லைப் பார்த்த பிறகு.
மறுநாளிலிருந்து எனக்குக் களத்தில் வேலை,
வெயிலில் மூட்டை எண்ணுவது.
சம்பளத்தில் ஆயிரத்து ஐந்நூறு குறைவு.
முதல் வாரம் அதை ஒரு பதக்கம் மாதிரி
சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தேன்.
அதையும் சாராள்தான் கழற்றினாள்:
"திருடாம இருந்ததுக்கு யாராச்சும் மாலை போடுவாங்களா?"

பிறகுதான் பழைய முகங்கள் வந்தன.
எல்லோருக்கும் திருப்பிக் கொடுக்க
என்னிடம் பதினோரு வருடம் இல்லை.
ஒருவரிலிருந்து ஆரம்பித்தேன்.
பேளூர் செங்கோடன், போன தை மாத லோடு,
நாலு டன், இரண்டு பாயிண்ட்,
பாயிண்ட்டுக்கு இருநூற்றைம்பது.
மகளுக்கு நர்சிங் ஃபீஸ் கட்டணும் என்று
அன்று தராசுப் பக்கமே நின்றுகொண்டிருந்தவர்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன்.
பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன ஜெபம், பேச்சு
எதுவும் அவர் வாசலில் வாயில் இல்லை.
"ரெண்டு பாயிண்ட் கொறச்சிட்டேங்க" என்றேன்.
ரூபாயை நீட்டினேன்.

செங்கோடன் இரண்டு தடவை எண்ணினார்.
உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை.
வெளியே வந்து ஓர் ஐந்நூறை
என் கையில் திணித்தார்.
"அடியில கல்லும் மண்ணும் போட்டுத்தான் கொண்டாந்தேன்.
நீ கழிப்பேன்னு தெரியுமில்ல."

இருவரும் மாட்டுத்தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.
சிரித்தது யார் முதலில் என்று
இப்போது நினைவில்லை.

திரும்புகையில் இருட்டிவிட்டது.
தூரத்தில் சேர்வராயன் மலை.
ஏற்காட்டுப் பாதையில் ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம்
ஒரு வளைவில் காணாமல் போய்
அடுத்த வளைவில் கொஞ்சம் மேலே தெரிந்தது.
பையில் ஐந்நூறு கனத்தது.
அது என்னுடையது இல்லையே.
கல்லுக்குக் காசு கொடுத்தவர் முதலாளி.

செங்கோடன் வீட்டுக்குப் போவது சுலபமாக இருந்தது.
என்னை வெயிலுக்கு அனுப்பிய மனிதருக்கு
அவருடைய பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க
திங்கள், செவ்வாய், புதன்,
மூன்று விடியல் முழங்கால் வலித்தது.

முதலாளி நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
கதையைக் கேட்டார்.
பேனாவைத் திறந்தார், மூடினார்.
"இதை எந்தக் கணக்குல எழுதறது?"

எனக்கும் தெரியவில்லை.

பையன் இரண்டு டீ கொண்டுவந்து வைத்தான்.
ஒன்றை அவர் என் பக்கம் நகர்த்தினார்,
முகத்தைப் பார்க்காமலே.
லெந்தில் முப்பத்து மூன்றாம் நாள்.

குடித்தேன்.
சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.