வரிசை எண் நாற்பத்தொன்று

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
மேலூர் வட்டத்துத் துப்பாக்கிகள் எல்லாம்
சாக்கில் சுற்றி, சைக்கிளில் கட்டி,
ஒன்று கரும்பு லாரியில் படுத்தபடி,
என் மேசைக்கு வந்தன.

வாங்கிப் பார்ப்பேன். குழலுக்குள் கம்பி விடுவேன்.
'காலி' என்று எழுதுவேன்.
சம்பளம் அதற்குத்தான்.

நாற்பத்தொன்று, கிடாரிப்பட்டி மாயழகுடையது.
வாய்வழியே மருந்து கெட்டிக்கும் ஒற்றைக்குழல்.
கடலைக்காட்டில் பன்றி விரட்ட
அவர் தாத்தா காலத்தில் வாங்கியது.
அவர் போய் முப்பதும் கும்பிட்டாயிற்று.
மகன் சோணை
"இனி எங்களுக்கு வேணாம் மேடம்" என்று
கையெழுத்துப் போட்டுவிட்டு
டீ குடிக்கப் போனார்.

அடிக்கட்டையின் பித்தளைத் தகட்டில் இரண்டு திருகு.
ஒன்று துருவேறி அசையவில்லை.
மற்றது
காசு வைத்துத் திருகித் திருகி
பிளவு தேய்ந்து, வழவழத்து,
நகம் பட்டதும் சுழன்றது.
தகடு ஒற்றைக் காலில் திரும்பி
வழிவிட்டது.

உள்ளே கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு குழி.
குழியில் காக்கித் துணி; இலுப்பெண்ணெய் வாடை.
காக்கிக்குள் சுங்குடிக் கிழிசல், மூன்று வெள்ளைப் புள்ளி.
சுங்குடிக்குள்
ஒற்றைக்கல் மூக்குத்தி.

கிளாசோடு வந்த சோணை அப்படியே நின்றார்.
"ஆத்தாவோடது.
அழகர் ஆத்துல எறங்குன அன்னைக்குக்
கூட்டத்துல விழுந்துருச்சுன்னு சொன்னுச்சு.
அப்பா சல்லடை கொண்டுபோயி
வைகை மணல ரெண்டு நாள் சலிச்சாரு.
அண்டா குண்டா, கதவு நிலை வரைக்கும்
வித்துக் குடிச்ச நேரம் அது."
ஒரு வாய் டீ.
"இத மட்டும் விக்க முடியாது.
லைசென்ஸ் பொருளு."

ராக்கு என்று பெயர் சொன்னார்.
நான் முகம் பார்த்ததில்லை.
வீடு முழுக்க ஒழுகிக்கொண்டிருக்கையில்
ஒழுகாத ஒரே இடத்தை
அவன் தோளிலேயே கண்டுபிடித்தவள்.
வெடிக்கு வெடி
அவன் தோளெலும்பில் இடித்திருக்கிறது
அவள் மூக்கு.

ஆனால் சுங்குடி அவள் சேலை. சரி.
காக்கி?
குழல் துடைத்துத் துடைத்துக் கருத்த துணி அது,
பழைய கால்சட்டையில் கிழித்தது.
குழிக்கு அளவாக மடித்து
மெழுகு தடவி
அசையாமல் அடைத்திருந்தது.
கல் ஆடினால் சத்தம் வரும்.
சத்தம் கேட்டால் பன்றி வராது.
இருட்டில் காதை மட்டும் விழிக்க வைத்து
உட்கார்ந்திருப்பவனுக்கு
அது என்றைக்கோ கேட்டிருக்கும்.

இதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
சோணை மூக்குத்தியை வெளிச்சத்தில்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"திருகாணி எங்க மேடம்?"
நான் எடுத்துவிட்ட மாதிரி.

துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தேன்.
காதருகே வைத்து ஆட்டினேன்.
இன்னொரு முறை ஆட்டினேன்.

ஒரு சத்தமும் இல்லை.