ரசமட்டம்

படுத்திருந்தால் ஒன்றுமில்லை.
தலையணை இல்லாமல்
விசிறியின் நடுத்தொப்பியைப் பார்த்தபடி கிடந்தால்
நான் முழு ஆரோக்கியம்.
எழுந்து உட்கார்ந்தால்தான்
பின்மண்டையில் யாரோ ஷட்டரை இழுத்து மூடுகிறார்கள்.
காதில் பஞ்சு.
வெளிச்சம் கல்லாக வந்து விழுகிறது.

இது மூன்றாம் நாள்.
முதல் நாள் வேறு கதை.
மார்புக்குக் கீழே நான் இல்லை.
சிசேரியன் முடிந்து
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் யாருடைய காலையோ தூக்கி நகர்த்தினார்கள்.
பாவம், யாரோ என்று நினைத்தேன்.
கணுக்காலில் கொலுசுத் தடம்.
என்னுடையது.

பிறகு நடுக்கம்.
சித்திரை வெயிலில், ராயபுரத்தில்,
இரண்டு கம்பளிக்குள் பல் தந்தியடித்தது.
நள்ளிரவில் மூக்கு நுனி அரித்தது.
மூக்கு, நெற்றி, மார்பு, மறுபடி மூக்கு.
பக்கத்துக் கட்டிலில் ஃபௌசியாவும் சொறிந்துகொண்டிருந்தாள்.
"உனக்குமா?"
"எனக்கும்."
துறைமுகத்து மஞ்சள் விளக்கில் இரண்டு குரங்குகள்,
சிரித்தால் தையல் இழுக்குமே என்று
வாயைப் பொத்திக்கொண்டு.
வலிக்குப் போட்ட மருந்தும்மா அது என்றார் குணவதி சிஸ்டர்,
வலி போன வழியில் அரிப்பு வரும்,
நாளைக்குப் போயிடும்.
போனது.
வலி வேறு வாசல் தேடிக்கொண்டது.

வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள்.
தலையில் நீர் கோத்துக்கொண்டது.
செல்போன் பார்த்தது.
பச்சை உடம்புக்காரி ஜன்னலோரம் படுத்தது.
"முதுகுல ஊசி போட்டுக்கிட்ட இல்ல, இனிமே ஆயுசுக்கும்..."
மாமியார் முடிக்காமல் விட்டாள்.
அந்த முடிக்காத பாதிதான்
இரவெல்லாம் என்னோடு படுத்திருந்தது.
போகும்போது தண்ணீர்ச் சொம்பையும்
எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போனாள்,
தையல் சீழ் பிடிக்குமாம்.

மயக்க மருந்து டாக்டர் சின்னப் பெண்.
சொம்பைத் திரும்ப எடுத்து வைத்தாள்.
மருந்துச்சீட்டின் பின்புறம் படம் போட்டாள்:
தண்டுவடத்தைச் சுற்றி ஒரு பை, பைக்குள் நீர்,
அந்த நீரில்தான் மிதக்கிறது மூளை.
ஊசி போன துளை கடுகைவிடச் சின்னது.
சிலருக்கு உடனே மூடாது.
நிமிர்ந்தால் கசியும்.
நீர் கோக்கவில்லை, குறைந்திருக்கிறது.
"நூத்துல ஒருத்திக்கு வரும்" என்றாள்.
யார் மேலும் தப்பில்லை என்பதைச் சொல்லுமுன்
கொஞ்சம் நிறுத்தினாள்.

டில்லிபாபுவுக்கு முகம் மலர்ந்தது.
அவனுக்குத் தெரிந்த பாஷை.
மொட்டைமாடிக் கசிவு, டைல்ஸ் இடுக்குக் கசிவு,
கொளத்தூரில் நாலாம் மாடிக் குளியல்
மூன்றாம் மாடிப் பூஜையறையில் சொட்டிய கதை.
"லீக்குதானே மேடம்?"
வேலைப்பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்து
கட்டில் சட்டத்தில் வைத்தான்.
குமிழி தலைமாட்டுப் பக்கம் அரை நூல் ஏறியது.
கால்மாட்டுச் சக்கரத்துக்கு அடியில்
மாத்திரை அட்டைப்பெட்டியை மடித்துச் செருகி
நடுக்கோட்டில் நிறுத்தினான்.
வலி ஒரு நூல்கூட இறங்கவில்லை.
ஆனாலும் இரண்டு நாளாக
எதையாவது சரிசெய்யத் தவித்துக்கொண்டிருந்தான், பாவம்,
செய்துவிட்டான்.

மணிக்கொரு டம்ளர் தண்ணீர்.
டிகாஷன் தூக்கலாக நாலு வேளை காப்பி.
என் மகளுக்கு என் முகம் தெரியாது,
ஒருக்களித்த விலா தெரியும், அக்குள் வாசம் தெரியும்.
உட்கார்ந்து பால் கொடுக்கும் பெண்களை
கடற்கரைக்குப் போகிறவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.

ஐந்தாம் நாள்
முழங்கை மடிப்பிலிருந்து எடுத்த ரத்தத்தை
என் முதுகிலேயே ஏற்றினார்கள்.
அது உறைந்து துளையை அடைக்குமாம்.
"சொந்தச் சரக்கா?" என்றான் டில்லி, நம்பாமல்.

இரண்டு மணி நேரம் மல்லாந்து கிடந்து
எழுந்தேன்.
ஷட்டர் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.
தெருவில் மீன்பாடி வண்டி போனது.
இடுப்பு மட்டும் கனத்தது,
அது ஊசியா, பத்து மாதமா, யாருக்குத் தெரியும்.
முதன்முறையாக மேலிருந்து பார்த்தேன் அவளை.
காது மடிப்பில் வெள்ளை மாவு இன்னும் ஒட்டியிருந்தது,
ஐந்து நாளாக எவருமே துடைக்கவில்லை.

ஃபௌசியா போய்விட்டாள்.
அந்தக் கட்டிலில் புதியவள் மூக்கைச் சொறிகிறாள்.
"நாளைக்குப் போயிடும்" என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
"உட்காரும்போது தலை வலிச்சா
சிஸ்டர்கிட்ட மட்டும் சொல்லு."