மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில்

மே மாதக் கடைசியில்
தக்காளிக்கு நட்ட கம்பில் மைக்கைக் கட்டினேன்.
காற்றுக்கு மறைப்பாக
பழைய உடுப்புக் கடையில் இரண்டு டொலருக்கு வாங்கிய
குளிர்கோட்டின் மயிர்க் கொலர்.
இருட்டில் அது
கம்பில் ஏறி உறைந்துபோன அணில்.
வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அர்மாண்டோ
“பிடித்துவிட்டாயா?” என்றார்.
“இன்னும் ஒன்றும் இல்லை” என்றேன்.
இருவரும் வேறு வேறு விடயம் பேசினோம்.

முதல் இரண்டு வாரமும் அகப்பட்டது ஹாமில்டன்தான்:
உருக்காலையின் அடித்தொண்டை,
பர்லிங்டன் வீதியில் கியர் மாற்றும் லொறி,
பக்கத்து வீட்டு ஏசி,
இரண்டு மணி பத்துக்குச் சரக்கு ரயில்.
ஒரு மழை.
கொதித்த எண்ணெயில் கடுகைப் போட்டதுபோல
நாற்பது நிமிடம் வெடிக்கிறது.
அழிக்க மனம் வரவில்லை.
யூனில் ஒரு ரக்கூன் வயரைக் கடித்து,
மைக்குக்குள் மூச்சு விட்டுவிட்டுப் போனது.

யூலை பத்தொன்பது, பின்னேரம்.
மேப்பிள் உச்சியில் முதல் சிள்வண்டு.
மரம் அறுக்கத் தொடங்கியவன்
ஏதோ ஞாபகம் வந்து நிறுத்தியதுபோல.

பிறகு இரவுகள் நிரம்பின.
ராஸ்பெரிப் புதருக்குள் வெளிறிய சுவர்க்கோழி ஒன்று.
எட்டு விநாடிக்குள் எத்தனை தரம் கூவுகிறதோ
அதோடு ஐந்தைக் கூட்டினால் செல்சியஸ் என்பார்கள்.
எண்ணினேன். பதினாறு.
போனைப் பார்த்தேன். இருபத்தொரு பாகை.
கராஜில் இருபத்தாறு வருடம்
எந்த முள்ளையும் ஒரே தரத்தில் நம்பாதவன்
புதருக்கு முன்னால் குந்தியிருந்தேன்.
கழுத்தில் நுளம்பு.
அடித்தால் அதுவும் பதிவாகும். அடிக்கவில்லை.

ஓகஸ்டில்தான் ஒலியைப் படமாக விரித்துப் பார்த்தேன்.
அடியில் கருமையாய் உருக்காலை,
நடுவில் சுவர்க்கோழியின் தையல்,
அதற்கும் மேலே, பன்னிரண்டாயிரத்துக்கும் மேலே,
வெண்கட்டியைப் படுக்கவைத்து இழுத்தாற்போல் ஒரு பட்டை.
பத்து மணியிலிருந்து விடியும்வரை.
ஹெட்போனை மாட்டினேன். ஒன்றுமில்லை.
சத்தத்தைக் கூட்டினேன். ஒன்றுமில்லை.
கருவியில் பழுது என்று நினைத்தேன்.
கருவியில் பழுதில்லை.

பஸ் சக்கரங்களின் நட்டுக் கழற்றும் காற்றுத் துப்பாக்கி.
ஒரு நாளைக்கு நாற்பது சக்கரம்.
காதடைப்பான் மேசை லாச்சிக்குள்,
பெட்டி உடைக்காமல்.

வேகத்தைப் பாதியாக்கி ஸ்பீக்கரில் விட்டேன்.
வந்தது.
டயர் வால்வில் குழாய் பொருந்தாமல் நாலைந்து தட்டு,
பொருந்தியதும் நீளமாய் ஒரு சீறல்.
மறுபடி தட்டு. மறுபடி சீறல்.
உடுப்புக் கூடையோடு இறங்கி வந்த பவளராணி
படியில் நின்றாள்.
“இது மீட்டர் பெட்டியெல்லோ.”
“இல்லை, வெட்டுக்கிளி.”
“இவ்வளவு தடிப்பாய் இராது. ஆனால் இதுதான்.
மூன்று வருடமாய் ஓகஸ்டில் தொடங்கும்.
மின்சாரக்காரருக்கு இரண்டு தரம் அடித்தேன்.
ஒருவன் வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போனான்.”
“என்னிடம் சொல்லியிருக்கலாமே.”
“சொன்னேன்.
நீங்கள்தான் கேட்கவில்லை.”

செப்டெம்பர் முழுதும்
அவள் விரல் காட்டிய பக்கம் மைக்.
நைட்டிக்கு மேல் என் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு
குளிருக்கு என்னைத் திட்டியபடி வருவாள்.
மீட்டருக்குக் கீழே, வெட்டாமல் விட்ட புல்லில்
அது தொடங்கியதும் “இப்ப” என்பாள்.
ஓய்ந்ததும் ஒன்றும் சொல்லமாட்டாள்.
என் கோப்புகளில் எனக்குக் கேட்பது
அந்த “இப்ப” மட்டும்தான்.
முப்பத்தேழு எண்ணினேன்.

ஒக்டோபர்.
எட்டு விநாடிக்கு மூன்று. ஐந்தைக் கூட்டினேன்.
அர்மாண்டோ அத்திமரத்தைச் சாக்கால் சுற்றுகிறார்.
கம்பைப் பிடுங்கினேன். கொலருக்குள் ஒரு சிலந்தி
முட்டைப்பை கட்டியிருந்தது.
கம்பைத் திரும்பவும் ஊன்றினேன்.

இரவு படத்தை விரித்தேன். மேலே பட்டை இல்லை.
நம்பாமல் அவளைக் கூப்பிட்டேன்.
பின்கதவைத் திறந்து
குளிருக்குள் தலையை நீட்டிக்கொண்டு
வெகுநேரம் நின்றாள்.
“மீட்டர் நின்றுவிட்டது” என்றாள்.