ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது முறை

என் வேலை, மின்சாரத்தைப் பிடுங்குவது.
கணினி எழுதிக்கொண்டிருக்கும்போதே,
பாதி வாக்கியத்தில்.
பிறகு எழுப்பி உட்காரவைத்து
எதுவரை நினைவிருக்கிறது என்று கேட்பது.
கையால் இல்லை. ஒரு ரிலே இருக்கிறது.
நாற்பது நொடிக்கு ஒரு டக்.
தார்த்துவில், ஆறு உறைந்துகிடக்கும் பிப்ரவரியில்,
மாலை ஆறுக்குத் தொடங்கினால்
விடிய விடிய டக்.

பழைய கோப்பு முறைமைக்கு வயது இருபத்துமூன்று.
எழுதிய ஹில்லர் நான்காவது மேசையில்
கம்பளிக் காலுறையோடு இருக்கிறார்.
அதன் வழி எளிது:
செய்யப்போவதைக் குறித்துவை,
செய்,
குறிப்பை அடித்துவிடு.
மறதிக்காரன் பழகிக்கொண்ட ஒழுக்கம்.

மாரிகா எழுதும் புதியது
எதன் மேலும் எழுதாது.
மாற்றம் என்றால் பக்கத்தில் புதிதாய் எழுதி
கடைசியில் ஒரே ஒரு சுட்டியைத் திருப்பும்.
நேற்று அழியாமல்
இன்றைக்கு அடுத்த அறையில் இருக்கும்.
துண்டுக்குத் துண்டு செக்சம், முத்திரைபோல.
"பழையது பொய் சொன்னாலும் முகம் மாறாது,"
என்றாள் வியாழக்கிழமைக் கூட்டத்தில்.

காய்தோ கணக்குப் பார்ப்பவர். கேட்டார்:
"இது வங்கியா? மருத்துவமனையா?
மேசைக் கணினியில் என்ன இருக்கப்போகிறது,
வாடகை ஒப்பந்தம், பூனைப் படம்,
முடியாத ஆய்வேடு."
"அதனால்தான்," என்றாள் மாரிகா.
ஹில்லர் ஒன்றும் சொல்லவில்லை.
காபிக் கோப்பையின் அடியில் எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் ஹாப்ஸாலுவிலிருந்து
உர்வே என்ற பெண் தன் கணினியையே
பொதிகட்டி அனுப்பினாள்.
ஒரு படம்: உறைந்த கடல்மேல் பாய்மர வண்டி,
ஓட்டுகிறவனின் மீசை வரை தெளிவு.
கழுத்துக்குக் கீழே சாம்பல் பட்டை.
கேமரா அட்டையில் அதே படம் முழுசு.
இரண்டையும் பக்கத்தில் வைத்து
பைட் பைட்டாய் இறங்கினேன்.
நாற்பத்தோரு லட்சத்தில் ஒரு பிட்,
சுழியம் இருந்த இடத்தில் ஒன்று.

மாரிகா அதை அச்செடுத்துக் கதவில் ஒட்டினாள்.
வாக்கெடுப்பே வேண்டாம் என்று
ஆள் ஆளாய்ச் சொல்லத் தொடங்கினார்கள்.

எனக்கு மட்டும் ஒரு நமைச்சல்.
டிஸ்க்கை விட்டுவிட்டு
உர்வேயின் நினைவகத்தை ஓர் இரவு சோதித்தேன்.
இரண்டாவது பலகையில் ஒரு செல் செத்திருந்தது.
அட்டையிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் வழியிலேயே
பிட் கவிழ்ந்திருக்கிறது.
புதியது இருந்திருந்தாலும்
கவிழ்ந்ததைக் கையில் வாங்கி,
கவிழ்ந்ததற்கே செக்சம் போட்டு,
சரி என்று சத்தியம் செய்திருக்கும்.

கதவுக்குப் போய்
மாரிகா தாளைத் தானே கிழித்தாள்.
ஹில்லர் சிரிப்பார் என்று காத்திருந்தோம்.
"என்னுடையது உள்ளே வந்தபிறகு கெட்டாலும்
உங்களுக்குச் சொல்லியிருக்காது," என்றார்.
பிறகு என் பக்கம் திரும்பி,
"லேலோ, இன்றிரவு என்னுடையதை ஓட்டு.
பழைய பட்டியல் வேண்டாம்.
ஒரே நொடியில் எழுதி, பெயர் மாற்றி, அப்போது வெட்டு."

ஓட்டினேன்.
நூறு, ஐந்நூறு, ஆயிரம். எல்லாம் பிழைத்தது.
காலை ஆறு இருபத்தொன்று,
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது டக்.
எழுப்பினேன்.
கோப்பின் பெயர் இருந்தது, தேதி இருந்தது,
அளவு: சுழியம்.
முறைமை மட்டும் எல்லாம் நலம் என்றது.

ஹில்லர் காலுறையோடே வந்து நின்று பார்த்தார்.
"பத்தொன்பது வருடமாக எனக்கு இவனைத் தெரியும்,"
என்றார். "நேரில் இன்றுதான்."
வருத்தமா நிம்மதியா,
அந்தக் குரலில் பிரித்தெடுக்க முடியவில்லை.
நாற்காலியை இழுத்துக்கொண்டு
மாரிகாவின் மேசைக்குப் போனார்.
"சுட்டி திரும்பும் இடத்தைக் காட்டு.
அங்கே வெட்டினால் என்ன ஆகும்?"
அவள் காட்டினாள்.
மதியம் வரை இருவரும் சாப்பிடவில்லை.

புதியது வேண்டுமா என்ற கேள்வி
காய்தோவின் அட்டவணையில் அப்படியேதான் இருக்கிறது,
ஏப்ரலுக்குத் தள்ளி, மஞ்சள் அடித்து.

உர்வேக்குப் புது நினைவகப் பலகை போட்டு,
படத்தை அட்டையிலிருந்து மீண்டும் ஏற்றி அனுப்பினேன்.
பதில் வந்தது:
படம் நன்றாக இருக்கிறது, நன்றி.
ஆனால் திரையில் என் ஐகான்களை
யார் இடம் மாற்றியது?

டக்.